கைக்கெட்டும் தூரத்தில்

1968 அக்டோபர் 31. இங்கிலாந்தின் டெய்ன்மவுத் துறையிலிருந்து டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் கிளம்பினார். சண்டே டைம்ஸ் பத்திரிகை அறிவித்திருந்த கோல்டன் குளோப் போட்டியில் புறப்படுவதற்கு அதுதான் கடைசி நாள். தனி ஆளாக, எந்தத் துறையிலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். படகு போன பிறகு பார்த்தால், அதில் ஏற்றியிருக்க வேண்டிய உதிரிப் பாகங்கள் கரையிலேயே குவியலாகக் கிடக்கின்றன. உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கான குழாய் படகில் ஏறவே இல்லை. க்ரோஹர்ஸ்ட் மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர். ஆபத்து வந்தால் தானே படகைக் காப்பாற்றும் கணினி ஒன்றைப் பொருத்துவதாகச் சொல்லி, அதற்கான கம்பிகளைப் படகெங்கும் இழுத்திருந்தார். கம்பிகள் போய்ச் சேரும் இடத்தில் கணினி இல்லை.

மீதிக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். இல்லாத இடங்களில் இருப்பதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டு அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றினார். 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாத படகுதான் கிடைத்தது. மனம் பேதலித்துப்போன ஒருவரின் கதையாகவே அதைச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ அது முதலில் மூட்டை கட்ட நேரமில்லாமல் கடலுக்குப் போனவரின் கதையாகத்தான் தோன்றுகிறது. நீண்ட பாய்மரப் பயணத்தில் பாதி வேலை கரையிலேயே முடிந்துவிட வேண்டும். கரையில் விட்டதைக் கடலில் வாங்க முடியாது.

அந்தப் போட்டியில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய சுஹைலி, மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1968 ஜூன் 14 அன்று ஃபால்மவுத்தில் கிளம்பி 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பி வந்தார். 312 நாள். அந்தக் காலத்து மூட்டை எப்படி இருந்தது என்று பார்க்க அவர் படகைவிட நல்ல இடம் கிடையாது.

சாப்பாட்டில் பெரும்பகுதி டின். ஆனால் கடையில் வாங்கிய டின்னை அப்படியே உள்ளே தள்ளிவிட முடியாது. ஈரத்தில் மேல்காகிதம் உரிந்துவிடும். எதில் இறைச்சி, எதில் பழம் என்று தெரியாமல் போவது ஒரு தொல்லை. உரிந்த காகிதம் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரோடு போய்ப் பம்பை அடைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தொல்லை. அதனால் ஒவ்வொரு டின்னிலும் காகிதத்தைக் கிழித்து, பெயின்ட்டால் குறி எழுதி, துருப்பிடிக்காமல் வார்னிஷ் பூசுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கில். முட்டைக்கு வேறு வைத்தியம்: ஓட்டின் மேல் வாசலைன் தடவி, காற்றுப் புகாமல் அடுக்கி, அவ்வப்போது திருப்பி வைப்பார்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் கடலோடியின் வீடு கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் போலத்தான் இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு அடுத்து, சொல்லப்போனால் அதற்கும் முன்னால், பழுதுபார்க்கும் சாமான்கள். பாய்த்துணி, ஊசி, மெழுகு தடவிய நூல், கயிறு, ஆணி, தார், பஞ்சுத்திரி, ரம்பம், உளி. கிளம்பிச் சில வாரங்களிலேயே சுஹைலியின் அடிப்பலகை இணைப்புகளில் தண்ணீர் கசிந்தது. அட்லாண்டிக்கில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படகுக்கு அடியில் மூழ்கி, துணிப்பட்டையில் பஞ்சுத்திரியைத் தைத்து, அதை இடுக்கின் மேல் வைத்து ஆணியடித்தார். அது பிய்ந்து போகாமலிருக்க மேலே செப்புத் தகடு அடித்தார். அந்தத் தகடு அவருடைய பட்டியலிலேயே இல்லாதது. ரேடியோ பொருத்த வந்தவர்கள் மிச்சத்தைப் படகில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேலை நடுவே சுறா ஒன்று வட்டமிட, மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடியும் இறங்கியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எஞ்சினின் மேக்னெட்டோவில் ஒரு இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். அதை அளக்கும் தகட்டுக் கோர்வையை அவர் எடுத்து வரவில்லை. ஒரு புத்தகத்தின் தாள்களை எண்ணிப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு 200 தாள். அப்படியானால் ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தேவையான அளவுக்குத் தாள்களைச் சேர்த்து இடைவெளியில் செருகி அளந்துவிட்டார். மறந்துபோன சாமானை இருக்கிற சாமானிலிருந்து உண்டாக்கிக்கொள்வதுதான் அன்றைய கடலோடியின் உண்மையான உதிரிப் பாகம். வணிகக் கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்தவர் என்பதால் அது அவருக்குக் கைவந்திருந்தது.

வழி கண்டுபிடிக்க செக்ஸ்டன்ட், குரோனோமீட்டர், ஆண்டுக்கான கடல் பஞ்சாங்கம், கட்டுக்கட்டாகக் காகித வரைபடங்கள். கடிகாரம் நான்கு விநாடி தப்பினால் நிலநடுக்கோட்டருகே படகின் இடம் ஒரு கடல் மைல் தப்பும். ஆகவே கடிகாரத்தைக் குழந்தையைவிடப் பத்திரமாகப் பொதிந்து வைத்தார்கள். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம், ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரத்தோடு போனார். முகப்பு உடைந்திருந்ததால் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்தது அது. பிறகு நிமிட முள்ளும் போய்விட்டது. அவருடைய மூட்டையில் இருந்த இன்னொரு பொருள் தரைவிரிப்புக்கு அடிக்கும் குட்டி ஆணி. தென் அமெரிக்காவின் தென்கோடியில், இரவில் யாரும் படகில் ஏறிவிடாமலிருக்க மேல்தளத்தில் தூவிவிட்டுத் தூங்கப் போனார். ஏறியவர்கள் வெறுங்காலோடு ஏறினார்கள், அலறிக்கொண்டு இறங்கினார்கள். அன்று எச்சரிக்கை மணி அதுதான்.

உடை விஷயத்தில் அந்தக் காலத்தைப் பற்றி ஏங்குவதற்கு ஒன்றுமே இல்லை. ஆளி விதை எண்ணெய் ஊறிய பருத்தித் துணி மழைக்கோட்டு. நாள்பட்டால் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அர்ஜென்டினாவின் வீட்டோ டூமாஸ் 1942இல், உலகப் போர் நடுவே, தென்கடலைச் சுற்றக் கிளம்பியபோது குளிருக்காக உடுப்புக்குள் செய்தித்தாள்களைத் திணித்துக்கொண்டார். ரேடியோ எடுத்துப் போகவில்லை. உளவாளி என்று பிடித்துவிடுவார்களோ என்கிற பயம். இன்று காற்றையும் நீரையும் தடுத்து, வியர்வையை மட்டும் வெளியே விடும் மூன்றடுக்கு உடைகள் வந்துவிட்டன. முழங்கால் வரை நனைந்து நடுங்குவது வீரத்தின் அடையாளம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் நனைந்து பார்க்கலாம்.

எல்லோரும் சேர்த்துக்கொண்டே போகவில்லை. அதே கோல்டன் குளோப் போட்டியில் பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் முவாத்தேசியே எடையைக் குறைப்பதில் வெறியாக இருந்தார். எஞ்சின், நங்கூரச் சங்கிலி, பெயின்ட் டப்பாக்கள் என்று கரையில் இறக்கி வைத்தார்; போதாதென்று வழியில் சாமான்களைக் கடலிலும் வீசினார். போட்டியை நடத்தியவர்கள் கொடுக்க வந்த ரேடியோவை வேண்டாமென்றார். ஃபிலிம் டப்பாவில் கடிதம் வைத்து, கவண்வில்லால் பக்கத்தில் போகும் கப்பலின் தளத்தில் அடிப்பார். 1969 மார்ச்சில், ஜெயிக்க வாய்ப்பிருந்த நேரத்தில், போட்டியை விட்டுவிட்டுத் தொடர்ந்து பசிபிக்குக்குப் போவதாக அவர் தெரிவித்த செய்திகூடக் கவண்வில்லில்தான் போனது. அவருக்கு நேர் எதிர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 1966–67இல் சிட்னியில் மட்டும் நின்று உலகைச் சுற்றிய ஜிப்சி மாத் IV படகில் குழாயைத் திறந்தால் பீர் வரும்படி பீப்பாய் பொருத்தியிருந்தார். மூட்டையைப் பார்த்தால் ஆளைத் தெரியும்.

இத்தனை பேருக்கும் பொதுவான ஒன்று: படகு கரையை விட்ட பிறகு உதவி என்று ஒன்று இல்லை என்கிற கணக்கில்தான் மூட்டை கட்டினார்கள். சுஹைலியின் ரேடியோ அனுப்பி நடுவழியில் செத்துப்போனது. 1968 நவம்பரில் நியூசிலாந்து அருகே பார்த்தவர்கள் உண்டு. பிறகு நான்கு மாதங்களுக்கும் மேல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஒரு எண்ணெய்க் கப்பல் கண்டு சொன்ன பிறகுதான் குடும்பத்தாருக்கு உயிர் வந்தது.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. அதுவும் சாவுகளுக்குப் பிறகு. 1979 ஆகஸ்ட்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் கிளம்பிய 303 படகுகள் புயலில் மாட்டின. 15 மாலுமிகள் இறந்தார்கள். 24 படகுகளை விட்டு ஆட்கள் வெளியேறினார்கள். ஆனால் மூழ்கியவை ஐந்துதான். பயந்துபோய் ரப்பர் மிதவையில் ஏறியவர்களில் சிலர் மிதவை பிய்ந்து இறந்தார்கள். அவர்கள் விட்டுவந்த படகோ மறுநாளும் மிதந்துகொண்டிருந்தது. மிதவைக்குள் கீழே இறங்காதே, படகு மூழ்கி மிதவை உன்னைவிட உயரத்துக்கு வரும்போது மேலே ஏறு என்று இன்றும் கற்றுக்கொடுப்பது அந்தப் பாடத்தைத்தான். அதன் பிறகு ரேடியோ விருப்பம் என்ற நிலையிலிருந்து கட்டாயத்துக்கு நகர்ந்தது. உடம்பைப் படகோடு பிணைக்கும் வார்ப்பட்டை வேண்டாமென்ற பழைய தலைமுறைப் பிடிவாதம் உடனே போய்விடவில்லை. பிரான்சின் மாபெரும் கடலோடி எரிக் தபார்லி 1998 ஜூனில் தன் சொந்தப் படகிலிருந்து ஐரிஷ் கடலில் விழுந்து மறைந்தபோது அவர் பட்டை மாட்டியிருக்கவில்லை.

1982இல் அமெரிக்கர் ஸ்டீவன் கலஹனின் சிறு படகு கனேரித் தீவுகளுக்கு மேற்கே இரவில் எதன் மீதோ மோதி நிரம்பியது. அவர் மிதவைக்குத் தாவினார். ஆனால் அவசரப் பை உள்ளே கட்டிக் கிடந்தது. மூழ்கும் படகுக்குள் திரும்பிப்போய், இருட்டில், தண்ணீருக்கடியில் கயிற்றை அறுத்து அதை எடுத்து வந்தார். அதில் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியும், வெயிலில் கடல்நீரை நன்னீராக்கும் பலூன் வடிகலன்களும் இருந்தன. அந்தப் பைதான் அவரை 76 நாள் உயிரோடு வைத்திருந்து கரீபியன் கரையில் சேர்த்தது. பை இருந்தது என்பதைவிட, அதை எட்டி எடுக்க முடிந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

அதே 1982 செப்டம்பரில், கோஸ்பாஸ்-சர்சாட் எனும் செயற்கைக்கோள் மீட்பு அமைப்பின் வழியாக முதல் ஆட்கள் காப்பாற்றப்பட்டார்கள். அப்போதே மூட்டையின் தன்மை மாறத் தொடங்கிவிட்டது. தண்ணீர் பட்டதும் தானே விழித்துக்கொண்டு 406 மெகாஹெர்ட்சில் கூவும் எபர்ப் என்ற கையடக்கக் கருவி படகுகளில் ஏறியது. 1997 ஜனவரியில் தென்கடலில் கவிழ்ந்த படகின் வயிற்றுக்குள், இருட்டில், உறையும் நீரில் நாள்கணக்கில் கிடந்த டோனி புல்லிமோரை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் தேடிப்போய்த் தட்டிப் பார்த்து வெளியே எடுத்ததற்குக் காரணம் அவருடைய கருவியின் குரல்தான். மறு ஆண்டில் விக்டர் யாசிகோவ் என்ற ரஷ்யர் நடுக்கடலில் தன் முழங்கையின் சீழ்க்கட்டியைத் தானே கீறினார். பாஸ்டன் டாக்டர் ஒருவர் மின்னஞ்சலில் படிப்படியாக எழுதி அனுப்பியதைப் படித்துக்கொண்டே செய்த அறுவை அது. மருந்துப் பெட்டிக்குள் ஒரு டாக்டரே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லலாம்.

இன்றைய மூட்டையை நம் நாட்டுப் படகிலேயே பார்க்கலாம். இந்தியக் கடற்படையின் தாரிணி, 56 அடி. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கிளம்பினார்கள். தில்னா கோழிக்கோட்டுக்காரர், ரூபா நம் புதுச்சேரிப் பெண். இருவர் மட்டும், நான்கு துறைகளில் நின்று, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். நடுவே, எந்தக் கரையிலிருந்தும் சுமார் 2,688 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெமோ முனையைக் கடந்தார்கள். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது, மிக அருகில் இருக்கும் மனிதர்கள் அதில் இருப்பவர்கள்தான் என்று சொல்லப்படும் இடம் அது. அங்கேயிருந்து தேசியக் கடலியல் நிறுவனத்துக்காகத் தண்ணீர் மாதிரி எடுத்து வந்தார்கள். சும்மா உயிர் பிழைத்து வருவதற்கே மூட்டை கட்டிய ஸ்லோகம் காலத்திலிருந்து, ஆய்வுக்குப் புட்டி எடுத்துப் போகும் காலம் வரை வந்துவிட்டோம்.

மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடலாம். டின்னுக்குப் பதில் உறையவைத்து உலர்த்திய சாப்பாட்டுப் பொட்டலம். வெந்நீர் ஊற்றினால் போதும், எடையோ கொஞ்சம். மழையை நம்பிப் பாத்திரம் ஏந்தாமல் கடல்நீரைச் சவ்வில் அழுத்தி நன்னீராக்கும் கருவி. சுஹைலியின் தொட்டி நீர் கெட்டுப்போய், நாக்ஸ்-ஜான்ஸ்டன் பாயில் வடிந்த மழைநீரைப் பிடித்துக் குடித்ததை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஜிபிஎஸ், தானியங்கிச் சுக்கான், கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், தண்ணீரில் விழுந்ததும் உப்பும் உயிர்காப்புச் சட்டை, சூரியத் தகடு, செயற்கைக்கோள் இணையம். இவ்வளவுக்கும் ஓர் எஜமான் உண்டு: மின்சாரம். பேட்டரி படுத்துவிட்டால் பத்துக் கருவியும் சேர்ந்து படுக்கும். அன்று ஒரு சாமான் கெட்டால் அது மட்டும்தான் கெட்டது. புத்தகத் தாளை எண்ணி இன்றைய சர்க்யூட் போர்டை யாரும் சரிசெய்ய முடியாது. ஆகவே இன்றைய மூட்டையில் எல்லாமே இரண்டு. இரண்டாவது, முதலாவது இருக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

அன்றையவர் சரிசெய்யக் கிளம்பினார், இன்றையவர் கூப்பிடக் கிளம்புகிறார் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். நான் அந்தக் கட்சியில்லை. கூப்பிடத் தெரிந்ததால் எத்தனை பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் கூப்பிடும் கருவியும் கைக்கு எட்டினால்தான் கருவி. இதை அபிலாஷ் டோமியைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது.

2012–13இல் மாதே படகில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர் அவர். பழைய கோல்டன் குளோப்பின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2018இல் அந்தப் போட்டியை மறுபடியும் நடத்தியபோது, கோவாவில் சுஹைலியின் மாதிரியில் கட்டிய துரியா படகில் கிளம்பினார். விதி கடுமையானது: செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான், ஜிபிஎஸ் முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும், பாட்டுக் கேட்பதென்றாலும் கேசட். அதாவது 1968இன் மூட்டை. ஆனால் அவசரத்துக்கு மட்டும் செயற்கைக்கோள் தொலைபேசி, எபர்ப், குறுஞ்செய்திக் கருவி உண்டு. செப்டம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து 1,900 கடல் மைல் தள்ளி, புயலில் படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் அடிபட்டது. படுத்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. தொலைபேசி ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்று அவசரப் பையில் இருந்தது. அந்தப் பை அதே படகில்தான் இருந்தது. ஆனால் அவரால் அதுவரை நகர முடியவில்லை.

காப்பாற்றியது, கைக்கு எட்டிய குறுஞ்செய்திக் கருவி. உருண்டது, மரம் போனது, முதுகில் பலத்த அடி, நடக்க முடியாது என்று சில சொற்களை அதில் தட்டினார். இந்தியக் கடற்படை விமானம் வந்து படகைப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள், செப்டம்பர் 24 அன்று, பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஓசிரிஸ் அவரைத் தூக்கிக்கொண்டது. அதே வகைப் படகு, ஐம்பது ஆண்டு இடைவெளி: அன்று நான்கு மாதம் செய்தியில்லை, இன்று மூன்று நாளில் ஸ்ட்ரெச்சர். அடுத்த 2022 போட்டியில் அவர் மறுபடியும் கிளம்பி இரண்டாவதாக வந்தார்.

நெடும்பயணம் போகிறவர்கள் மூட்டையைக் கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மட்டும், படகு சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு அவசரச் சாமானையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட முடியாதது பட்டியலில் இருந்தும் இல்லாததுதான். ஐயாயிரம் ரூபாய்க் கருவியோ ஐந்து லட்ச ரூபாய்க் கருவியோ, இதில் சலுகை கிடையாது.

உலகம் சுற்றுபவர்களுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களில் பலர் கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். ஆபத்துச் செய்தி அனுப்பும் டாட் கருவியை இஸ்ரோ 2010 முதலே மீனவர்களுக்குத் தந்து வருகிறது. இப்போதைய இரண்டாம் தலைமுறைக் கருவியில், அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் கடலுக்கே திரும்பி வரும். உங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவராக இருந்தால், இன்றைக்கே கேளுங்கள்: அந்தக் கருவி படகில் எங்கே இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா, படுத்த இடத்திலிருந்து கை எட்டுமா? உயிர்காப்புச் சட்டை வலைக்கு அடியில் கிடக்கிறதா, மேலே கிடக்கிறதா? கரையில் இருப்பவர்களும் ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் இந்தியக் கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554, கட்டணம் கிடையாது.